"மாட்டேன்" என்று சொல்ல ஒரு அட்டை

அமெரிக்காவில் நியூயார்க்கைத் தாண்டி, நடுத்தர ஊர் ஒன்றின் நாடக அரங்குக்குப் போனால் வாசலில் நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்று தருவார்கள். நடிகர் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இவர் ஆக்டர்ஸ் ஈக்விட்டி அசோசியேஷன் என்ற நடிகர் சங்கத்தின் உறுப்பினர் என்று விளக்கம். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் இந்தக் குறி தேவைப்படுவதில்லை. அங்கே மேடையில் நிற்கிற எல்லாருமே ஈக்விட்டி ஒப்பந்தத்தின் கீழ் நிற்பவர்கள்தான். நாடகம் பார்க்கப் போகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பொடி எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

எங்கள் குடும்ப நண்பரின் மகள் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். பரதநாட்டியத்தில் தொடங்கியவள் நாடகப் பட்டப்படிப்பு வரை போனாள். சென்ற கோடையில் ஒரு சிறிய அரங்கு அவளுக்கு ஈக்விட்டி ஒப்பந்தம் தர முன்வந்தது. கையெழுத்துப் போட்டால் சங்க அட்டை கிடைக்கும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், கார்டு வந்தா கதவெல்லாம் திறக்கும்னு அப்பா சொல்றார். இப்ப எனக்குத் திறந்திருக்கிற கதவு அத்தனையும் அன்னிக்கே மூடிடும். அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஈக்விட்டியில் சேர்ந்த நடிகர், ஈக்விட்டி ஒப்பந்தம் இல்லாத மேடை நாடகத்தில் நடிக்கக் கூடாது. நாடு முழுக்கப் பேருந்தில் சுற்றும் இசை நாடகக் குழுக்களில் பல சங்கத்துக்கு வெளியே இயங்குபவை. கோடைகால அரங்குகளிலும் சொகுசுக் கப்பல் காட்சிகளிலும் சங்கம் இல்லாத வேலைகள் ஏராளம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முதல் வேலை கிடைப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். அட்டை வாங்கிய மறுநாளே அவள் போட்டி போட வேண்டியது இருபது வருடம் பிராட்வேயில் ஆடிப் பழகியவர்களோடு. சேருவதற்கே 1,500 டாலருக்கு மேல் நுழைவுக் கட்டணம் (தவணையில் கட்டலாம்). பிறகு ஆண்டுச் சந்தா. அதற்கும் மேல், மேடையில் சம்பாதிக்கும் பணத்தில் 2.5 சதவீதம். உறுப்பினர்கள் 50,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். எந்த வாரத்தை எடுத்துக்கொண்டாலும் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மேடை வேலை இருக்காது.

வேலை தராத சங்கம், வெளியே வேலை செய்யவும் விடாது என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஒரு தடையை எடுத்துவிட்டால் மிச்சம் எந்த விதியும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம் நூறு வருடத்துக்கு முந்தைய நியூயார்க்கில் இருக்கிறது.

அன்றைய நடிகனின் நிலைமையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. ஒத்திகை எத்தனை வாரம் என்று கணக்கும் கிடையாது. இசை நாடகமென்றால் பத்து வாரம்கூட இழுக்கும். அத்தனை நாளும் நடிகன் கடன் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். உடை, காலணி பெரும்பாலும் அவன் செலவு. நாடகம் நாலு நாளில் படுத்துவிட்டால், பத்து வாரம் ஒத்திகை பார்த்தவனுக்குக் கிடைப்பது நாலு நாள் சம்பளம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமும் ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் கூட்டம் குறையும் என்று பாதிச் சம்பளம்; உழைப்பு என்னவோ முழுசாகத்தான். விடுமுறை நாளில் கூடுதல் காட்சி போட்டால் அதற்குத் தனிக் காசு இல்லை. இதிலெல்லாம் கொடுமையானது வெளியூர்ப் பயணம். ஏதோ ஓர் ஊரில் வசூல் குறைந்ததும் முதலாளி ரயிலேறிவிடுவார். நடிகர்கள் விடுதி வாடகைக்கும் வீடு திரும்ப டிக்கெட்டுக்கும் வழியில்லாமல் அங்கேயே நிற்பார்கள். ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருந்ததுதான். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வொரு காகிதம். நடிப்பு தனக்குத் திருப்தி தரவில்லை என்று சொல்லி எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்ற வரி பலவற்றில் இருந்தது.

1913 மே 26 அன்று நியூயார்க்கின் பாப்ஸ்ட் கிராண்ட் சர்க்கிள் ஹோட்டலில் 112 நடிகர்கள் கூடி ஈக்விட்டியைத் தொடங்கினார்கள். நகைச்சுவை நடிகர் பிரான்சிஸ் வில்சன் முதல் தலைவர். தொடங்கினார்களே தவிர, ஆறு வருடம் பேசிப் பேசி ஒன்றும் நடக்கவில்லை. நடிகர்களுக்கே ஒரு தயக்கம் இருந்தது. தாங்கள் கலைஞர்கள், தொழிலாளர்கள் இல்லை, தச்சர்களோடும் கொத்தனார்களோடும் ஒரே கூட்டமைப்பில் உட்காருவதா என்ற தயக்கம். அதைத் தாண்ட அவர்களுக்கு 1919 ஜூலை வரை ஆனது. அந்த மாதம்தான் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அடுத்த மாதமே வேலைநிறுத்தம்.

ஆகஸ்ட் 7 மாலை, திரை தூக்க வேண்டிய நேரத்தில், பிராட்வேயில் நாடகத்துக்குப் பின் நாடகமாக நடிகர்கள் வராமல் போனார்கள். 'லைட்னின்' நாடகத்தின் நாயகன் பிராங்க் பேக்கனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஊர் ஊராகச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டே ஐம்பது வயதைத் தாண்டியவர். தானும் சேர்ந்து எழுதிய அந்த நாடகத்தில்தான் வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பெரும் புகழும் பணமும் வந்திருந்தது. நாடகம் ஓட்டச் சாதனை படைத்துக்கொண்டிருந்தது. அவருக்கென்று சங்கத்தால் புதிதாகக் கிடைக்க வேண்டியது எதுவும் இல்லை. அதை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார், ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். எதல் பாரிமோர் போன்ற உச்ச நட்சத்திரம், வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பணம் திரட்டும் காட்சிகளில் லெக்சிங்டன் அவென்யூவில் நடித்தார். மேரி டிரெஸ்லர் கோரஸ் பெண்களைத் திரட்டித் தனிச் சங்கம் அமைக்கத் தலைமை தாங்கினார். மேடையில் பின்வரிசையில் ஆடும் பெண்கள்தான் அதிகம் சுரண்டப்பட்டவர்கள். அவர்கள் இல்லாமல் இந்த வேலைநிறுத்தம் வெறும் பெரிய நடிகர்களின் சச்சரவாகவே முடிந்திருக்கும்.

பெரிய அரங்க முதலாளிகளான ஷூபர்ட் சகோதரர்கள் நஷ்டஈடு கேட்டு நடிகர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். ஜார்ஜ் எம். கோஹன் காட்டிய எதிர்ப்பு இன்னும் கடுமையானது. நடிகர், பாடலாசிரியர், இயக்குநர், தயாரிப்பாளர், எல்லாமும் அவர்தான். பிராட்வேயின் செல்லப் பிள்ளை. தன் நடிகர்களைத் தான் நன்றாகவே வைத்துக்கொண்டதாக நம்பியவர். அவரிடம் வேலை பார்த்த பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அதனாலேயே இந்த வேலைநிறுத்தம் அவருக்குத் துரோகமாகப் பட்டது. ஆக்டர்ஸ் ஃபிடலிட்டி லீக் என்ற போட்டிச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல முதலாளியிடம் வேலை செய்பவனுக்கும் எழுதி வைத்த விதி வேண்டும், அந்த முதலாளி நாளைக்கு மாறலாம், அல்லது நடிகன் வேறு முதலாளியிடம் போக வேண்டி வரலாம் என்பதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. சாகும் வரை ஈக்விட்டியில் சேரவுமில்லை. இன்று டைம்ஸ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பல ஆண்டுகளாக ஈக்விட்டியின் தலைமை அலுவலகம் இயங்கிவந்த 46ஆம் தெருக் கட்டடம் அந்தச் சிலைக்கு எதிர்ப்பக்கம்தான்.

மேடையில் விளக்கும் திரையும் இயக்கும் தொழிலாளர்களும், வாத்தியக்காரர்களும் நடிகர்களோடு சேர்ந்த பிறகுதான் தயாரிப்பாளர்கள் இறங்கி வந்தார்கள். எட்டு நகரங்களில் 37 நாடகங்கள் நின்றுபோயிருந்தன. 16 நாடகங்கள் தொடங்கவே இல்லை. செப்டம்பர் 6ஆம் தேதி உடன்பாடு. ஒரு வாரம் என்றால் எட்டுக் காட்சிகள். ஒன்பதாவது ஆடினால் வாரச் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். இலவச ஒத்திகைக்கு வார வரம்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் வந்தது. மூவாயிரம் பேர்கூட இல்லாத சங்கம் அந்த ஒரு மாதத்தில் 14,000 பேர் கொண்டதானது. இன்றைக்கும் பிராட்வே நாடகம் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பதன் பின்னால் இந்த உடன்பாடு நிற்கிறது. எட்டே அதிகம்தான். தொண்டையும் முழங்காலும் உள்ள மனிதனுக்கு எட்டுக் காட்சி என்ன செய்யும் என்று யாராவது ஆடுபவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒத்திகைக்குச் சம்பளம் என்பது அதற்குப் பிறகும் பதினாறு வருடம் கழித்து, 1935இல்தான் வந்தது. ஓய்வூதியத்துக்கு 1960 ஜூனில் பிராட்வே கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருண்டு கிடக்க வேண்டியிருந்தது.

இந்த நீண்ட கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சரி அங்கிள், இப்ப அந்த ஒப்பந்தத்துல அப்படி என்னதான் இருக்கு?"

என்ன இல்லை என்று கேட்டிருக்கலாம். முதல் நாள் ஒத்திகையில் தயாரிப்பாளர், இயக்குநர் எல்லாரும் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நடிகர்களும் மேடை மேலாளர்களும் மட்டும் உட்கார்ந்து சங்க விஷயம் பேசுவார்கள். இங்கே மேடை மேலாளர்களும் இதே சங்கத்தின் உறுப்பினர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தங்களுக்குள் ஒருவரை ரகசிய வாக்கெடுப்பில் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பார்கள். மேடையில் மூட்டம் போட்டதுபோல் புகை அடித்தாலும், உடை மாற்றும் அறையில் வெந்நீர் வராவிட்டாலும், சம்பளம் ஒருநாள் தள்ளிப்போனாலும் குரல் கொடுக்க வேண்டியவர் அவர். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் நேரத்தை நான் இந்த ஒப்பந்தத்தின் இதயம் என்பேன். முதலாளியின் காதுக்கு எட்டாமல் கூடிப் பேச ஓர் இடம் இருந்தால்தான் மற்றதெல்லாம் காகிதத்தை விட்டு இறங்கி வரும்.

பிணைத்தொகை இன்னொன்று. ஒத்திகை தொடங்குமுன் தயாரிப்பாளர் நடிகர்களின் சில வாரச் சம்பளத்துக்கு ஈடான தொகையைச் சங்கத்திடம் கட்டிவைக்க வேண்டும். நாடகம் படுத்தாலும், பணம் போட்டவர் காணாமல் போனாலும், அந்தத் தொகையிலிருந்து நடிகர்களுக்குச் சேர வேண்டியது சேரும். ரயிலேறி ஓடிய முதலாளிகளின் காலத்திலிருந்து வந்த விதி. இன்றைக்கும் அது தேவைப்படுகிறது. புதுத் தயாரிப்பாளர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் முகம் மாறும்.

அப்புறம் நேரக் கணக்கு. ஒத்திகை இத்தனை மணி நேரம், இடைவேளை இத்தனை நிமிடம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. அதனால்தான் பெரும்பாலான அரங்குகள் திங்கட்கிழமை இருட்டாகக் கிடக்கும். திரை தூக்க அரை மணி முன்னால் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மேடை மேலாளர் மாற்று நடிகரைத் தயார் செய்யத் தொடங்கிவிடுவார். நாயகனுக்கு வெள்ளைக் காகித ஒப்பந்தம், கோரஸுக்கு இளஞ்சிவப்புக் காகிதம் என்ற பழைய வழக்கம் பேச்சில் இன்னும் இருக்கிறது. கோரஸில் ஒருத்தர் ஆபத்தான தாவல் செய்தால் கூடுதல் தொகை. நடனத்தைக் காத்து நிற்கும் தலைவருக்குத் தனித் தொகை. பிராட்வேயில் குறைந்தபட்ச வாரச் சம்பளம் இப்போது 2,500 டாலரைத் தாண்டிவிட்டது. நியூயார்க் வாடகையைப் பார்த்தால் அது பெரிய தொகையில்லை. அந்த வேலை நான்கு வாரத்தில் முடிந்துபோகலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'ஸ்விங்' என்று ஒரு பதவி உண்டு. பத்துப் பன்னிரண்டு கோரஸ் ஆட்டக்காரர்களின் இடங்களையும் அசைவுகளையும் மனதில் வைத்துக்கொண்டு, யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அன்றைக்கு அந்த இடத்தில் இறங்கி ஆடுபவர். மேடையில் இன்று இடது ஓரம், நாளை வலது ஓரம், மறுநாள் ஆண்கள் வரிசை. எனக்குத் தெரிந்து நாடகத்தில் இதைவிடக் கடினமான வேலை இல்லை, இதைவிடக் கைதட்டல் குறைந்த வேலையும் இல்லை. மாற்று நடிகர் முக்கிய வேஷத்தில் இறங்கும் நாளில் அதைப் பார்வையாளருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் ஒப்பந்தம்தான். துண்டுச்சீட்டு, முன்கூடத்துப் பலகை, ஒலிபெருக்கி அறிவிப்பு, இவற்றில் குறைந்தது இரண்டையாவது செய்ய வேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சம்பளம், நேரம் இவற்றோடு சங்கம் நின்றுவிட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1940களில் தலைநகர் வாஷிங்டனில் நேஷனல் தியேட்டர் கறுப்பின மக்களைப் பார்வையாளர்களாக உள்ளே விடவில்லை. 1946இல் அதே நகரத்தின் லிஸ்னர் அரங்கிலும் அதே கதை. அங்கே நடிக்க வந்த இங்கிரிட் பெர்க்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். ஈக்விட்டி உறுப்பினர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: நிறவெறி தொடர்ந்தால் அந்த அரங்குகளில் எங்கள் ஆள் ஒருவரும் நடிக்க மாட்டார். 1948இல் அது நடைமுறைக்கு வந்தது. நேஷனல் தியேட்டர் நிர்வாகம் கறுப்பினத்தவரை உள்ளே விடுவதைவிட நாடகத்தையே விட்டுவிடலாம் என்று சினிமாக் கொட்டகையாக மாறியது. நான்கு ஆண்டு அந்த அரங்கில் நாடகமே இல்லை. 1952இல் புது நிர்வாகம் வந்து, எல்லாருக்கும் கதவைத் திறந்த பிறகு நாடகம் திரும்பியது.

ஒரு தனி நடிகர், அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், அந்த அரங்கை அசைத்திருக்க முடியாது. அவர் வேண்டாமென்றால் இன்னொருவர் வந்திருப்பார். யாருமே வர மாட்டார்கள் என்ற நிலையைத்தான் சங்கம் உண்டாக்கியது. சங்கம் இல்லாத நாடகத்தில் உறுப்பினர் நடிக்கக் கூடாது என்ற விதியின் மதிப்பு எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிகிறது. அட்டை என்பது வேலைக்கு உத்தரவாதம் இல்லை. "மாட்டேன்" என்று சொல்லும்போது பின்னால் ஐம்பதாயிரம் பேர் நிற்பார்கள் என்ற உத்தரவாதம். அதற்கு விலை, நீயும் மற்றவருக்காக நிற்க வேண்டும். பணம் தேவைப்படும் மாதத்திலும் நிற்க வேண்டும்.

சங்கம் தடுமாறிய இடங்களும் உண்டு. 1990இல் 'மிஸ் சைகான்' இசை நாடகம் லண்டனிலிருந்து பிராட்வேக்கு வர இருந்தது. யூரேசிய வேஷத்தில் வெள்ளையரான ஜொனாதன் பிரைஸ். கண்ணைச் சாய்த்துக் காட்டும் ஒப்பனையோடு லண்டனில் நடித்தவர். ஆசிய அமெரிக்க நடிகர்களும் நாடக ஆசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங்கும் எதிர்த்தார்கள். ஈக்விட்டி பிரைஸுக்கு அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் கேமரூன் மேக்கின்டோஷ் நாடகத்தையே ரத்து செய்கிறேன் என்றார். முன்பதிவில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது, பல வேஷங்கள் ஆசிய நடிகர்களுக்கே போக வேண்டியவை. பத்து நாள்கூட ஆகவில்லை, ஈக்விட்டி முடிவை மாற்றிக்கொண்டது. பிரைஸ் வந்தார், டோனி விருதும் வாங்கினார். எதிர்த்தவர்கள் சொன்னது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசிவரை தாங்க முடியாத முடிவை எடுத்து, அதை அவசரமாகத் திரும்பப் பெற்றது அந்த நியாயத்தை இன்னும் பலவீனமாக்கியது. 'மிஸ் சைகான்' பத்து வருடம் ஓடிய அதே பிராட்வே தியேட்டரில்தான் 2004இல் ஏ.ஆர். ரகுமானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' ஏறியது. தெற்காசிய முகங்கள் அத்தனை பேர் ஒரே பிராட்வே மேடையில் நின்றது அதற்கு முன் நடந்ததில்லை. 1990இல் கேள்வி கேட்டவர்களுக்கு அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் விவகாரத்தில் சங்கம் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே 99 இருக்கைக்குள் உள்ள சின்ன அரங்குகளில் உறுப்பினர்கள் காட்சிக்குச் சில டாலர் வாங்கிக்கொண்டு ஆசைக்காக நடிக்கலாம் என்ற விலக்கு பல பத்தாண்டுகளாக இருந்தது. சினிமா, தொலைக்காட்சியில் பிழைக்கிறவர்கள் நாடகத்தை உயிரோடு வைத்திருந்த இடம் அது. 2015இல் ஒத்திகைக்கும் காட்சிக்கும் குறைந்தபட்சக் கூலி என்று ஈக்விட்டி கொண்டுவந்தது. உள்ளூர் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். சங்கம் அதையும் மீறி நிறைவேற்றியது. கூலி இல்லாமல் உழைப்பதைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் சரி. தன் ஆட்களிடம் கேட்டுவிட்டு அவர்கள் பதிலைத் தள்ளுகிற சங்கம், 1919இல் நடிகர்கள் எதிர்த்த முதலாளியின் குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறது.

அதே சங்கம் அடுத்த சில வருடங்களில் செய்த ஒன்றை மனதாரப் பாராட்டுகிறேன். அது 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்தின் காலத்திலிருந்து தொடரும் கதை. 1974 ஜனவரியில் நியூயார்க் நடனக் கலைஞர்கள் மைக்கேல் பென்னட்டோடு கூடி இரவு முழுக்கப் பேசியது ஒலிநாடாவில் பதிவானது. குழந்தைப் பருவம், அவமானம், தேர்வுகளில் நிராகரிப்பு என்று அவர்கள் சொந்த வாழ்க்கையே நாடகமானது. அந்தக் கதைகளுக்கான உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாடகம் 1975இல் பிராட்வே ஏறி 6,137 காட்சிகள் ஓடியது. பென்னட் பிற்பாடு தன் பங்கிலிருந்து அவர்களுக்கு ஒரு பகுதி கொடுத்தார். அது அவர் விருப்பத்தால் வந்தது. அதற்குப் பிறகு ஈக்விட்டி, இப்படிப் பட்டறையில் நாடகத்தை உருவாக்க உதவுபவர்களுக்கு லாபத்தில் பங்கு தரும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர்கள் காலப்போக்கில் 'லேப்' என்ற வேறு ஒப்பந்தத்துக்கு மாறிக்கொண்டார்கள். வாரச் சம்பளம் கொஞ்சம் கூட, லாபப் பங்கு கிடையாது.

இந்த 'லேப்' அறையில் என்ன நடக்கும் தெரியுமா? பாட்டு பாதி எழுதியிருக்கும். ஒரு நடிகை ஒரு வரியை வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பாள், சிரிப்பு வரும், அது எழுத்தில் ஏறும். ஓர் ஆட்டக்காரர் ஒரு சுழற்சி செய்து காட்டுவார், அது நடன அமைப்பில் தங்கும். இரண்டு வருடம் கழித்து வேறு நகரத்தில் வேறு யாரோ அதே வரியைச் சொல்லி, அதே சுழற்சியை ஆடுவார்கள். 'ஹாமில்டன்' உருவாகும்போது கூட இருந்தவர்கள் இதைச் சொல்லித்தான் கேட்டார்கள். 2016இல் லாபத்தில் பங்கு பெற்றார்கள். எல்லாருக்கும் அது வேண்டும் என்று 2019 ஜனவரி 7இல் ஈக்விட்டி லேப் வேலைகளை நிறுத்தியது. புது நாடகம் உருவாகும் அறைகளில் உறுப்பினர்கள் நுழைய மாட்டார்கள். ஒரு மாதத்தில் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்: போட்ட பணம் திரும்பிய பிறகு, பத்து ஆண்டுக்கு, லாபத்தில் 1 சதவீதம் உருவாக்கத்தில் இருந்தவர்களுக்குப் பகிரப்படும். ஒரு சதவீதம் சின்னதாகத் தெரியலாம். நடிகர் கைக்கருவி இல்லை, படைப்பில் பங்காளி என்பது சட்டப்படியான காகிதத்தில் ஏறிய சதவீதம் அது.

சேர்க்கை விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெகுகாலம், பெரும்பாலும் ஈக்விட்டி ஒப்பந்தம் கிடைத்தால்தான் உறுப்பினராக முடிந்தது. உறுப்பினராக இருந்தால்தான் நல்ல தேர்வு அறைக்குள் நேரம் ஒதுக்குவார்கள். மற்றவர்கள் விடியற்காலையில் வரிசையில் நின்று, நேரம் மிஞ்சினால் பார்க்கப்படுவார்கள், மிஞ்சாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாருக்கு முதல் ஒப்பந்தம் தருவது என்பது தயாரிப்பாளர் கையில். அந்தக் கைகள் பெரும்பாலும் வெள்ளையர்களுடையவை. ஆக, சங்கத்துக்குள் யார் வரலாம் என்பதை எதிர்த்தரப்பு தீர்மானித்துக்கொண்டிருந்தது. 2021 ஜூலையில் ஈக்விட்டி இதை உடைத்து, நடிகராகவோ மேடை மேலாளராகவோ நாட்டுக்குள் எங்கே சம்பளம் வாங்கி வேலை செய்திருந்தாலும் சேரலாம் என்று கதவைத் திறந்தது. அரங்குகள் கோவிட்டால் மூடிக் கிடந்த, சங்கத்தின் வரலாற்றிலேயே மோசமான காலத்தில் எடுத்த முடிவு அது. வேலை செய்த வாரங்களை எண்ணித்தான் மருத்துவக் காப்பீடு என்ற தொழிலில், வேலையே இல்லாத ஒன்றரை வருடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பெண் கடைசியில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருடம் சங்கம் இல்லாத பயணக் குழுவில் போய் அனுபவம் சேர்த்துக்கொண்டு, பிறகு சேருவதாகச் சொன்னாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவசரப்பட்டு அட்டை வாங்கி வேலையில்லாமல் உட்காருவதைவிட அது புத்திசாலித்தனம். சேர்ந்த பிறகு அவள் உறுதியாக நிற்பாள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் நாடகம் படிக்கிறேன் என்று சொன்னதும் பயப்படுகிற நம் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பயந்து தடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தைக் கூட உட்கார்ந்து படியுங்கள். சங்கம் இல்லாத குழுவாக இருந்தால் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: ஒத்திகைக்குச் சம்பளம் உண்டா, வாரத்துக்கு எத்தனை காட்சி, ஓய்வு நாள் எது, அடிபட்டால் காப்பீடு யார் பொறுப்பு, வழியில் குழு கலைந்தால் வீடு திரும்பும் டிக்கெட் யார் எடுப்பார்கள். பதில் வாய்ச்சொல்லாக மட்டும் வந்தால் அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.